ஒன்பது மில்லிமீட்டர்

“திங்கக்கிழமை விசாரணை, அக்கா. பொய் அளவு எழுதினேன்னு ஸ்காலர்ஷிப்ப நிறுத்தப் போறாங்க,” என்று தாட்சாயினி விம்மினாள்.

முப்பது வருடம் மருத்துவமனையில் இதய ஸ்கேன் எடுத்து ஓய்வு பெற்ற கனகேஸ்வரி, டத்தோ கிராமாட் பகுதியில் இருந்த தன் வீட்டில் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கெலுகோரில் உள்ள மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கு இந்த மாதம் தானமாக வந்த இதயம். அதன் கீழறைச் சுவர்களின் தடிப்பை ஏழு மாணவர்கள் அளக்க வேண்டும். ஆறு பேர் எழுதியது: இடது பதின்மூன்று மில்லிமீட்டர், வலது நான்கு. தாட்சாயினி மட்டும் வலது ஒன்பது என்று எழுதியிருந்தாள்.

“யாரோ இதயத்தையே மாத்திட்டான்!” என்று துள்ளினார் பக்கத்து வீட்டு ராமதாஸ். “இது திருட்டு கேஸ்லா, அக்கா!”

“முதல்ல காரை எடுங்க, தம்பி.”

பேராசிரியர் யுகேந்திரனின் பட்டங்களைத் தாங்க அவர் அறைக் கதவு போதவில்லை; பாதி சுவருக்கு வந்திருந்தது. “வலது சுவர் நான்குதான். இருபது வருஷமா சொல்லிட்டு வர்றேன்,” என்றார்.

“அது இந்த இதயத்துக்குத் தெரியுமா, டாக்டர்?”

ராமதாஸ் சிரிப்பை இருமலாக்கினார்.

ஆய்வக உதவியாளர் ஃபரா ஜாடியைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் மூடியில் தேதி எழுதிய புது டேப் ஒட்டுவது அங்கே வழக்கம். கனகேஸ்வரி குனிந்து பார்த்தார். மாணவர்களின் தாள்களில் இருந்த தேதிகளையும், சுவரில் தொங்கிய இதயப் படத்தையும் ஒருமுறை பார்த்தார். பிறகு மற்ற ஆறு மாணவர்களையும் அழைக்கச் சொன்னார்.

“தாட்சாயினி அளந்தது புதன்கிழமை. நீங்க ஆறு பேரும் வியாழன், வெள்ளி. ஆனா டேப்புல புதன்கிழமை தேதிதான் இருக்கு. அதுக்கப்புறம் ஜாடிய யாருமே தொறக்கல. பதின்மூணு, நாலு ரெண்டும் அந்தப் படத்துல இருக்கு.” திருத்திய பேராசிரியரும் திறக்கவில்லை என்பதை அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

“அப்ப ஒன்பது எப்படி, அக்கா?” என்றார் ராமதாஸ்.

“இடது, உடம்பு முழுக்க ரத்தத்தத் தள்ளணும், அதான் தடிப்பு. வலது, பக்கத்துலயே இருக்குற நுரையீரலுக்கு மட்டும்தான் தள்ளணும், மெல்லிசு போதும். ஆனா நுரையீரல் கெட்டா, வலதும் மூச்சு முட்டத் தள்ளித் தள்ளி தடிச்சிடும். ஃபரா, தானம் கொடுத்தவரோட அட்டையில என்ன போட்டிருக்கு?”

“அறுபத்தொரு வயசு. பல வருஷ நுரையீரல் நோய்.”

பேராசிரியர் கையுறை மாட்டி அளந்தார். ஒன்பது. மறுபடியும் அளந்தார். ஒன்பதேதான்.

“விசாரணை... தேவையில்லை,” என்றார்.

“எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல, அக்கா,” என்றாள் தாட்சாயினி.

“எனக்கு எதுக்கும்மா? செத்த பிறகும் உனக்காக சாட்சி சொன்னவர் அங்க இருக்கார்.”

தாட்சாயினி ஜாடியின் முன் நின்று கைகூப்பினாள். ராமதாஸ் தொப்பியைக் கழற்றினார். ஆறு பேரும் தலை குனிந்தார்கள். பேராசிரியர் ஒரு முழு நிமிடம் எதுவும் பேசாமல் நின்றார். அந்தக் கல்லூரியில் அப்படி ஒரு நிமிடத்தை அதுவரை யாரும் கண்டதில்லை.