முத்திரைக்கு விட்ட இடம்

சித்திர வேலைக்காக உள்ளே அரக்கு அடைத்த பாத்திரம் கணீரென்று ஒலிக்காது. புஜ் நகரத்து வெள்ளித் தட்டார் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஜவேர்பாய்க்கு இது தெரியாதா என்ன? ஆனாலும் கணவன் வால்ஜி பாதியில் விட்டுச் செத்த வெள்ளிக் கூஜா பட்டறை மூலையில், பட்டப்பகலில், டிங் டிங் என்று ஒலித்துக்கொண்டிருந்தது.

வெள்ளைக்காரத் துரையின் சாப்பாட்டு மேசைக்கான கூஜா. உடம்பெல்லாம் கொடி, கொடிக்குள் மான், மானைத் துரத்தும் சிறுத்தை, கைப்பிடியாக வளைந்த பாம்பு. நடு வயிற்றில் மட்டும் துரையின் முத்திரைக்காக ஓர் இடத்தை வழவழவென்று விட்டிருந்தான். வெள்ளி அவளுடையது, அம்மா போட்டு அனுப்பிய தண்டைகள். போட்டிருந்தவள் மனசோடு எடுத்துத் தராத வெள்ளியை உருக்கக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். வால்ஜி அவள் தூங்கும்போது கழற்றிக்கொண்டான். கேட்டதற்கு அறை விழுந்தது.

கொழுந்தன் கல்யாண்ஜி வாசலிலேயே நின்றான். உள்ளே வர அவனுக்குக் கால் எழவில்லை.

"கூஜாவைத் துரைகிட்ட கொண்டுபோக வண்டி சொல்லியாச்சு அண்ணி. இப்ப வந்துடும். அதுவரைக்கும் அதைத் தொடாதீங்க."

"என் தண்டையில துரை சாராயம் குடிக்கணுமா? உருக்கப் போறேன்."

"அண்ணன் சும்மா விடமாட்டாரு!"

"செத்த பிறகுமா அதட்டுவாரு உங்க அண்ணன்? போய்யா, போய் வண்டியைப் பாரு."

கதவைத் தாழிட்டாள். கூஜாவை அனலில் காட்டியதும் அரக்கு இளகி, குங்கிலியமும் செங்கல் தூளும் எண்ணெயும் கலந்த அந்தக் காட்டமான நெடி, இத்தனை வருஷமும் வால்ஜியின் சட்டையில் ஒட்டியிருந்த அதே நெடி, சுவரெல்லாம் ஏறி அவள் தொண்டைக்குள் இறங்க, அரக்கு முழுதும் கறுப்பாகச் சட்டியில் வழிந்து தீர்ந்தது. உள்ளே எட்டிப் பார்த்தாள். காலி.

டிங்.

உள்ளிருந்துதான். வழவழப்பான இடத்தில் ஒரு புடைப்பு எழுந்தது. உள்பக்கமிருந்து தட்டி உருவம் எழுப்புவதில் வால்ஜியை மிஞ்ச ஆளில்லை. டிங். மூக்கு. டிங். அவன் செத்த அன்று அவள் கழற்றிய மூக்குத்தி. டிங். உதடுகள்.

"என்னையும் துரை மேசைக்கு அனுப்பப் பாக்குறியா?"

சுத்தியலை எடுத்து அந்த வாயின்மேல் ஓங்கிப் போட்டாள். தட்டையானது. சிரிக்கப் போனாள். வாய் திறக்கவில்லை. தடவிப் பார்த்தாள். உதடு இருந்த இடத்தில் வெறும் தோல்.

டிங். கண்கள்.

வெளியே வண்டிச் சத்தம். பயத்தையும் மீறிக் கோபம் வந்தது. கூஜாவை உலைக்குள் திணித்தாள். துருத்தியை அமுக்கினாள்.

வெள்ளி சிவந்தது. அவள் கன்னம் கொப்பளித்தது. அமுக்கினாள்.

"அண்ணி! கதவைத் திறங்க!"

நெருப்புக்குள் முகம் தளர்ந்தது. ஒரு கண் வழிந்தது. அவளுக்கு ஒரு பக்கம் இருண்டது. தாடையில் சூடாக ஏதோ இறங்கியது.

கூஜாவுக்குள் வால்ஜியின் தட்டல் இப்போது தாறுமாறாக, விட்டுவிடு என்று கெஞ்சியது.

அவள் இன்னும் வேகமாக அமுக்கினாள்.