மீதித் தலை எங்கே?

"பாதித் தலைதான் வந்திருக்கு! மீதித் தலை எங்கே?"

போனில் டாக்டர் அலறினார்.

நெட்வொர்க் எஞ்சினியரின் கையிலிருந்த பேனா நழுவி விழுந்தது. அந்த ஸ்கேன் சென்டரில் அவள் சேர்ந்து மூன்று மாதம்தான். அதற்குள் முப்பது வருஷத்து வசவு வாங்கியாகிவிட்டது!

"வந்துட்டே இருக்கு டாக்டர்... கொஞ்சம் மெதுவா..."

"காலைல எட்டு மணிக்கு அனுப்பினது! ஒரு மணிக்கு அங்க ஆபரேஷன். எங்க வெட்டணும்னு நான் சொல்லணும். மூக்குக்கு மேல படமே காணோம். மூக்கையா வெட்டச் சொல்லட்டும்?"

டொக்!

டாக்டர் இருப்பது கடல் தாண்டி. போன மாதம் வரை படம் பார்த்தவர் பக்கத்துக் கட்டடத்து டாக்டர். அப்போதெல்லாம் படம் பறந்தது. இவர் வந்த நாளிலிருந்து... ஆமை!

கதவு படாரென்று திறந்தது.

மேனேஜர்! பின்னால் கேபிள்காரர், வெட்டப்போகிற ஆடு மாதிரி.

"குற்றவாளியைப் புடிச்சாச்சு! போன மாசக் கடைசியில புது கேபிள் இழுத்தவன் இவன்தானே?"

"சார், நான் இழுத்த கேபிள்ல ஒரு நாளும்..."

"வாயை மூடு! நான் இன்டர்நெட் லைனையே நாலு மடங்கு பெருசாக்கிட்டேன். அப்பவும் அதே வேகம். கேபிள் இல்லாம வேற என்ன?"

ஒரு கடிதத்தை ஆட்டினார். 'இந்தக் கோளாறுக்குக் காரணமானவர் இன்றே பணிநீக்கம்.' கீழே முதலாளியம்மாவின் கையெழுத்து. பெயர் எழுத மட்டும் இடம் காலி.

"பன்னெண்டு அடிச்சதும் பேரை எழுதிடுவேன்!"

கேபிள்காரர் அவள் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி... உன் அண்ணிக்கு இது ஒம்பதாவது மாசம்மா..."

மணி பதினொன்று ஐந்து.

"பன்னெண்டு வரைக்கும் டைம் குடுங்க சார்."

"எடுத்துக்கோ. ஆனா என் காதுல பூ சுத்தாதே. சர்வரைக் கையால தொட்டு வளர்ந்தவன் நான். அந்தக் காலத்துல எனக்கு 'வேகப்புயல்'னே பேரு!"

புயல் கரையைக் கடந்தது.

அவள் அதே படத்தைப் பக்கத்து அறைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பினாள். கண் மூடித் திறப்பதற்குள் முழுத் தலை!

"அண்ணே, உங்க கேபிள் வழியாத்தானே போச்சு? கேபிள் சுத்தம்."

"அதைத்தாம்மா நானும் அடிச்சுக்கறேன்!"

கடல் தாண்டிப் போகிற வழியைச் சோதித்தாள். படம் துண்டு துண்டாக, பாக்கெட்டுகளாகத்தான் போகும்; வழியில் ஒன்றுகூடத் தொலையவில்லை.

அப்படியானால்... கொலைகாரன் வீட்டுக்குள்ளேயே!

படத்தை அனுப்பும் சர்வரிலிருந்து கிளம்பும் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் திரையில் ஓடவிட்டாள். கொஞ்சம் போனது. அப்புறம்... நிசப்தம். மறுபடி கொஞ்சம். மறுபடி நிசப்தம்!

"என்னம்மா பண்ணுது இது?"

"ஒரு கூடை அனுப்புது. 'கிடைச்சுது'ன்னு பதில் வர்ற வரைக்கும் கையைக் கட்டிட்டு நிக்குது. அப்புறம்தான் அடுத்த கூடை. பக்கத்து ரூம்னா பதில் உடனே வந்துடும். கடல் தாண்டின்னா?"

"அப்ப லைனைப் பெருசாக்கினது?"

"ஒத்தைக் கூடைக்கு எட்டு வழிச் சாலை!"

"கூடையைச் சின்னதாக்கினது எவன்?"

சர்வரின் செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்தாள். அனுப்பும் பஃபருக்கு, அதாவது அந்தக் கூடையின் அளவுக்கு, ஓர் எண். இத்துனூண்டு! அதற்கு மேலே ஒரு குறிப்பு...

படித்தாள். வியர்த்தாள். சிரித்தாள்!

எண்ணை மாற்றினாள். படத்தைப் புதிதாக அனுப்பினாள்.

பன்னிரண்டு. மேனேஜர், கையில் மூடி கழற்றிய பேனாவோடு. பக்கத்தில் முதலாளியம்மா.

அதே நொடி போன் அலறியது!

"முழுத் தலையும் வந்துடுச்சு! கட்டி பளிச்சுனு தெரியுது. எங்க வெட்டணும்னு சொல்லிட்டேன்!"

"கேபிள் இல்லை சார்," என்றாள் அவள். "சர்வர் செட்டிங். பத்து வருஷத்துக்கு முன்னாடி மெமரி பத்தாத காலத்துல யாரோ வெச்சது. மெஷின் மூணு தடவை மாறியிருக்கு. இந்த ஃபைலை மட்டும் தொடப் பயந்து அப்படியே காப்பி பண்ணிட்டே வந்திருக்காங்க."

"எந்த மடையன் வெச்சான்?" மேனேஜர் கடிதத்தை மேஜைமேல் விரித்தார். "பேரைச் சொல்லு, எழுதறேன்! அவன் எவனா இருந்தாலும் சரி!"

"எவனா இருந்தாலுமா?" என்றார் முதலாளியம்மா.

"எவனா இருந்தாலும் மேடம்!"

அவள் திரையைத் திருப்பினாள். முதலாளியம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"'வேகத்துக்காக நான் வைத்த எண். என்னைக் கேட்காமல் எவனும் தொடக்கூடாது. இப்படிக்கு... வேகப்புயல்.'"

மேனேஜர் பேனாவை மூடப் போனார்.

முதலாளியம்மா மெல்லச் சொன்னார்.

"எழுதுங்க சார். எழுத்துப்பிழை இல்லாம."

கேபிள்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார்... வேற வேலைக்கு அப்ளிகேஷன் அனுப்பறதுன்னா இங்கிருந்தே அனுப்பிடுங்க. லைன் இப்ப நல்ல ஸ்பீடு!"