பின் சக்கரம்

வண்டி நின்றால்தான் அந்தச் சத்தம் கேட்டது.

ஓடும்போது ஒன்றுமில்லை. ரயில்வே கேட் மூடியிருந்ததால், முன்னால் நின்ற லாரிக்குப் பின்னே நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சேறு அப்பிய கையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டபோது, பின்சீட்டுக்கும் கீழே, தரைக்குப் பக்கத்தில், யாரோ ஈர மண்ணை வழித்து வழித்து ஓரமாகப் போடுவதுபோல ஒரு சத்தம் மெல்ல எழுந்தது. ஒரு வழிப்பு. சின்ன இடைவெளி. மறுபடி ஒரு வழிப்பு. எந்த அவசரமும் இல்லை. சக்கரத்தில் ஒட்டிய சேறுதான் உதிர்கிறது என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உதிர்கிற சேறு நடுநடுவே மூச்சு வாங்காது என்பதும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

பக்கத்து சீட் காலி. டேஷ்போர்டில் மைத்துனனின் போன் கிடந்தது. சேறாகிவிடக் கூடாதென்று, இறங்கும் முன் பாக்கெட்டிலிருந்து மைத்துனனே எடுத்து வைத்த போன்.

கேட் திறந்தது. லாரி நகர்வதற்குள் ஹாரனை அழுத்தினான்.

எல்லாம் அந்த எழுத்தால் வந்த வினை. நாலு சக்கரமும் இழுக்கும் மாடல் வேண்டுமென்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று ஷோரூமில் சொன்னார்கள். அவனுக்குப் பொறுக்கவில்லை. முன் சக்கரம் மட்டும் இழுக்கும் மாடல் அங்கேயே நின்றது. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதான், பின்கதவில் மின்னும் 4×4 என்ற எழுத்தைத் தவிர. அது உதிரி பாகக் கடையில் தனியாகவே கிடைத்தது. வாங்கி ஒட்டிக்கொண்டான். யாருக்கு என்ன கெட்டுப்போகிறது? அலுவலகத்தில் டீ குடிக்கும் நேரமெல்லாம் அந்த வண்டி மலை ஏறியது, ஆறு கடந்தது. நிஜத்தில் அது ஏறிய பெரிய மேடு சூப்பர் மார்க்கெட் வாசலில் உள்ள வேகத்தடை.

அவன் அளந்ததை ஒரு வரி விடாமல் நம்பியவன் மனைவியின் தம்பி. ஜிம்மில் பயிற்சி கொடுப்பவன். காடு மேடெல்லாம் வண்டி ஓட்டும் வீடியோக்களை விழுந்து விழுந்து பார்ப்பவன். "வாங்குன நாள்லேருந்து தார் ரோட்டுலயே உருட்டுறீங்களே மாமா, வண்டி அழுவுது பாருங்க" என்று இன்று மதியம் விடாப்பிடியாகக் கிளப்பிவிட்டான். அப்போதே சொல்லியிருக்கலாம். தலைவலி என்றாவது சொல்லியிருக்கலாம். வற்றிய ஏரிக்குள் இறங்கும் மண்சரிவின் உச்சியில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. "ஃபோர் வீல் இருக்குறப்ப என்ன பயம்?" என்றான் மைத்துனன். அவன் சிரித்து வைத்தான்.

மேலே வெடித்துக் காய்ந்திருந்த மண்ணுக்கு அடியில் ஏரி இன்னும் வற்றவில்லை. நடுவில் வந்ததும் வண்டி ஒரு பெருமூச்சோடு இறங்கி உட்கார்ந்துவிட்டது.

மைத்துனன் குதித்து இறங்கினான். முகமெல்லாம் உற்சாகம். நேராகப் பின்னால் போய், மண்டியிட்டு, இரண்டு கையாலும் பின் சக்கரத்துக்கு அடியில் தோண்ட ஆரம்பித்தான். "பின்னாடி மட்டும் பிடி கிடைச்சாப் போதும் மாமா. அப்புறம் பாருங்க, குதிரையாட்டம் போகும்."

பின் சக்கரங்கள் தள்ளுவண்டிச் சக்கரங்கள் மாதிரி. சும்மா உருளும், அவ்வளவுதான். அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மைத்துனன் தோண்டத் தோண்டக் குழியில் கறுப்புத் தண்ணீர் ஊறியது. முழங்கை மூழ்கியது, பிறகு தோள். நகம் பிய்ந்து ரத்தம் வந்தபோதுகூட "ஒண்ணுமில்ல மாமா" என்று சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தான். முன்பக்கம் பார்த்து வருவதாகச் சொல்லிவிட்டு, அவன் வண்டிக்குள் கிடந்த கால்மிதிகளை எடுத்து முன் சக்கரங்களுக்கு அடியில் திருட்டுத்தனமாகச் செருகினான். அந்த நேரத்திலும் வெட்கம்தான் பெரிதாக இருந்தது.

மைத்துனன் தான் தோண்டிய குழிக்குள்ளேயே நின்று, பின்கதவில் தோளைக் கொடுத்தான். "நகந்துச்சுன்னா நிக்காதீங்க. கெட்டித் தரை வர்ற வரைக்கும் மிதிங்க. நான் நடந்து வந்துடுறேன்."

மிதித்தான். கால்மிதியைக் கவ்விக்கொண்டு வண்டி எகிறியது.

கண்ணாடியில் பார்த்தான். தோள் கொடுத்துத் தள்ளிய வண்டி விலகியதும் மைத்துனன் குப்புற விழுந்து, எழ முயன்று, இடுப்புவரை இறங்கியிருந்தான். குழி அவனைச் சுற்றிச் சரிந்துகொண்டிருந்தது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். போ போ என்கிறான் என்று அவன் நினைத்துக்கொண்டான். இல்லை, அப்படி நினைப்பது என்று முடிவு செய்தான். நின்றால் வண்டி மறுபடி மாட்டிக்கொள்ளும். நிற்கவில்லை.

கரையேறி, இறங்கித் திரும்பி ஓடி வந்தபோது சக்கரத் தடம் மட்டும் இருந்தது. குழி இருந்த இடம் மெழுகிவிட்டதுபோலச் சமமாக இருந்தது. தொண்டை கிழியக் கத்தினான். கையால் தோண்டினான். தண்ணீர்தான் வந்தது. பிறகு யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். வந்தவர்கள் பின்பக்கம் எதற்குத் தோண்டினீர்கள் என்று கேட்பார்களே என்று தோன்றியது. அவன் வண்டியில் ஏறி வீட்டைப் பார்த்து ஓட்டினான்.

குடியிருப்பின் தரைத்தளத்தில் அவனுக்கென்று கோடு போட்ட இடத்தில் நிறுத்தியபோது விளக்கு போடும் நேரமாகியிருந்தது. சிமெண்ட் தரை, காலையில்தான் கழுவிவிட்டது. எஞ்சினை அணைத்தான்.

ஒரு வழிப்பு. இடைவெளி. ஒரு வழிப்பு.

டேஷ்போர்டில் போன் ஒளிர்ந்தது. திரையில் 'அக்கா'. அடித்து ஓய்ந்தது. உடனே அவன் போன் அடித்தது.

"எங்கங்க இருக்கீங்க? தம்பி போனையே எடுக்க மாட்டேங்குறான்."

"கீழதான். வந்துட்டேன். அவன் வழியிலயே இறங்கிட்டான். ஃப்ரெண்ட பாக்கணும்னான்."

"சாப்பிடாமக்கூடவா? சரி இருங்க, நான் கீழ வர்றேன்."

காருக்குள் ஏரியின் வாடை நிறைந்தது. அழுகிய தண்டு, பழைய தண்ணீர். பின்னால் சத்தம் வேகமாகவில்லை, நிற்கவும் இல்லை. அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பான். அது உதவி செய்கிற சத்தம். இன்னும் தனக்காகத் தோண்டிக்கொண்டிருக்கிறான் என்று புரிந்ததும் அவனுக்கு அழுகை முட்டியது.

"டேய்" என்றான். "அங்க தோண்டாதடா. பின் சக்கரம் இழுக்காது. இது ஃபோர் வீல் இல்ல. நான் பொய் சொன்னேன். முன்னாடி மட்டும்தான்டா."

சத்தம் நின்றது.

அப்பாடா என்று மூச்சு விட்டான்.

பிறகு ஏதோ நகர்ந்தது. காருக்கு அடியில். மெதுவாக. பின்சீட்டைத் தாண்டி. அவன் பாதத்துக்குக் கீழே. தாண்டி, முன்னே.

ஒரு வழிப்பு.

வலது முன் சக்கரத்தின் ஓரத்தில் ஒரு கை கறுப்புச் சேறு வந்து சிமெண்டில் விழுந்தது. இன்னொரு கை. இன்னொன்று. குவியல் வளர்ந்தது. வண்டியின் மூக்கு தாழ்ந்தது.

கதவைத் தள்ளினான். விரலளவு திறந்து தரையில் இடித்து நின்றது. மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

மனைவி போனைக் காதில் வைத்தபடி வந்தாள். டேஷ்போர்டில் ஒளிர்ந்த திரையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு அவள் பார்வை முன் சக்கரத்துக்கு இறங்கியது. முகம் மலர்ந்துவிட்டது.

"டேய், இங்கதான் இருக்கியா? மாமாவும் நீயும் சேர்ந்து என்னை ஏமாத்துறீங்களா? கையெல்லாம் என்னடா இது, ரத்தமா? எந்திரிச்சு வா."

"தொடாத!" அவன் கத்தினான். "அவன் கையத் தொடாத!"

அவள் நிமிர்ந்தாள். "ஏன்?"

ஒரு வாக்கியம் போதும். வாய் திறந்தது. கண்ணாடியில் அந்த இரண்டு கைகளும் ஆடியபோது வந்த அதே சின்னத் தயக்கம் இப்போதும் வந்தது.

அவள் முட்டி போட்டுக் குனிந்து, சிரித்தபடி, காருக்கு அடியில் கையை நீட்டினாள்.

தோண்டும் சத்தம் நின்றது.