ராசம்மா உட்கார்ந்த வாங்கு

மஸ்கெலியாவுக்கு மேலே, பஸ் திரும்பிப் போகும் இடத்திலிருந்து இன்னும் ஒரு ஏற்றம் ஏறினால் தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களா. இப்போது அது ஹோட்டல். நிலக்ஷி முதல்நாள் வேலைக்குப் போனபோது, நீர்த்தேக்கத்திலிருந்து ஏறி வந்த மூடுபனி பங்களாவைப் பாதி விழுங்கியிருந்தது. முன்வாசலில் கொழுந்துக் கூடையோடு சிரிக்கிற பெண்களின் பெரிய படம். அந்தப் பெண்களின் மகள்மார் உள்ளே போகப் பின்பக்கம் தனி வழி.

சமையல்கார அழகம்மா அவளைக் கோப்பைகள் கழுவும் அறைக்குக் கூட்டிப் போனாள். ஒரு தொட்டி, ஒரு மேசை, கூரை மூலையில் ஒரு கேமரா. உட்கார ஒன்றுமில்லை.

"வேலை நேரத்துல உக்காரக் கூடாது புள்ள. மெனேஜர் போன்லயே பாத்துக்கிட்டு இருப்பாரு."

"எதுவரைக்கும் அக்கா?"

"விருந்தாளிங்க படுக்கப் போற வரைக்கும்."

நிலக்ஷி வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நான்கு மாதம். விஷயம் தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கொழும்பில் கடையில் நிற்கும் புருஷனின் சம்பளம் அங்கேயே கரைந்துவிடுகிறது. சட்டையைத் தளர்த்தி விட்டுக்கொண்டு தொட்டியடியில் நின்றாள்.

சில நாள் கழித்து, அந்தி மசங்கும் நேரம். மழை தகரக் கூரையில் இரைந்துகொண்டிருந்தது. அதற்குள்ளே இன்னொரு சத்தம்.

கிறீச்.

களைத்துப்போன ஆள் மரத்தில் உட்காரும் சத்தம்.

கூடவே வலித் தைல வாசனை. நிலக்ஷி திரும்பினாள். காலையில் வெறுமையாகக் கிடந்த மூலையில், நாலு பேர் உட்காரக்கூடிய பழைய மர வாங்கு ஒன்று இருந்தது.

எட்டிப் பார்த்த அழகம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ராசம்மாவோட வாங்கு" என்று கிசுகிசுத்தாள். "ஒனக்கு முந்தி இங்க கழுவினவ. முழங்காலு வீங்கிப் போயி அப்பப்ப இதுல குந்துவா. மெனேஜர் ஜீவராஜ் சேர் இதைத் தூக்கி வெறகுக் கொட்டகையில போட்டுட்டாரு. கொஞ்ச நாள்ல இந்தத் தொட்டிக்கிட்டயே விழுந்து செத்துப் போனா. அவசர அவசரமா வேன்ல ஏத்தி, லயத்துல அவ வீட்டுக்குக் கொண்டு போய்ப் படுக்க வச்சு, வீட்டுல செத்தான்னு சொல்லிட்டாங்க. வேலையில செத்தா நட்டஈடு குடுக்கணும்ல."

"நீங்க பாத்தீங்களா?"

"நான்தான் காலைப் பிடிச்சுத் தூக்கினேன்."

மெனேஜர் ஜீவராஜ் ஒன்றும் வானத்திலிருந்து குதித்தவன் இல்லை. அவன் அம்மாவும் கீழ்ப்பிரிவு லயத்திலிருந்து கொழுந்து பறித்தவள்தான். அதனால்தானோ என்னவோ, எவள் எந்த நேரத்தில் களைத்து உட்காருவாள் என்பது அவனுக்கு அத்துப்படி. வாங்கைக் கண்டதும் கோடரியால் பிளக்க வைத்தான். அந்த விறகில் விருந்தாளிகள் குளிர் காய்ந்தார்கள். பழைய மரம், நல்ல சூடு என்று மெச்சவும் செய்தார்கள்.

மறுநாள் அந்தியில் நிலக்ஷிக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப் போயிருந்தது.

கிறீச்.

வாங்கு அதே மூலையில் இருந்தது. ஒரு கீறல் இல்லை. இலேசாகப் புகை மட்டும் மணத்தது.

சுவரிலிருந்த போன் அலறியது. ஜீவராஜ்.

"பின்னால உக்காந்திருக்கிறது யாரு? எழும்பச் சொல்லு."

அறையில் வேறு ஆள் இல்லை.

"யாருமில்ல சேர்."

"பொய் சொல்லாத. முக்காடு போட்டுக்கிட்டு முழங்காலத் தேய்ச்சுக்கிட்டு இருக்கா..." அவன் குரல் சட்டென்று தேய்ந்தது. "இப்ப கேமராவப் பாக்கிறா."

நிலக்ஷி வாங்கைத் திரும்பிப் பார்த்தாள். ஓடத்தான் நினைத்தாள். ஆனால் கால் ஓடுகிற நிலையில் இல்லை, அடிவயிறு இழுத்துப் பிடித்தது. அப்போது பயத்தை மீறிக்கொண்டு கோபம் வந்தது. செத்தவளையே எழும்பச் சொல்கிறவன், நாளைக்கு என்னை மட்டும் விடுவானா?

"சேர், நானும் உக்காரப் போறேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் மரம் அசைந்தது. யாரோ நகர்ந்து இடம் விட்டார்கள்.

ஜீவராஜ் மூச்சிரைக்க ஓடி வந்தான். "எழும்பு!"

"முடியாது சேர். நான் புள்ளத்தாச்சி. ராசம்மாக்கா இங்கதான் செத்தாங்க. அதையும் ஊரறியச் சொல்லுவேன்."

சமையலறையிலிருந்து அழகம்மா கையைத் துடைத்தபடி வந்தாள். "நானும் சொல்லுவேன்" என்று வாங்கின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். நடுவே மட்டும் இடம் காலியாக இருந்தது.

"பேயாவது பிசாசாவது!" என்று கத்திக்கொண்டு, ஜீவராஜ் அந்த இடத்தில் தொப்பென்று உட்கார்ந்தான்.

உட்கார்ந்த வேகத்தில் துள்ளி எழுந்தான்.

"மடி" என்றான். உதடு வெளுத்திருந்தது. "யாரோட மடியோ."

மறுநாள் ராசம்மாவின் வீட்டாரும் லயத்துச் சனமும் பங்களாவின் முன்வாசலில் வந்து நின்றார்கள். அழகம்மா எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னாள். வீட்டார் போட்ட நட்டஈட்டு வழக்கு இன்னும் நடக்கிறது. நிலக்ஷி, அழகம்மா இரண்டு பேரையும் வேலையை விட்டு நிறுத்தும் தைரியம் ஜீவராஜுக்கு இல்லை. அலுவலக நாற்காலி, பஸ் சீட்டு, சொந்த வீட்டுக் கட்டில், எதில் குந்தப் போனாலும் அதில் ஏற்கெனவே ஆள் இருக்கிறதாம். நின்றபடியே சாப்பிடுகிறான். சுவரில் சாய்ந்தபடியே கண்ணயர்கிறான்.

வாங்கை இப்போது யாரும் நகர்த்துவதில்லை. அந்தியில் கோப்பைகளைக் கழுவி முடித்ததும், மேடிட்ட வயிற்றைத் தாங்கிக்கொண்டு நிலக்ஷி அதனருகே போகிறாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா."

கிறீச்.