ஐந்தாவது ஃபவுல்

யார் முகத்தில் இனி விழிக்கவே கூடாது என்று பத்து நிமிடம் முன்பு சபதம் எடுத்தாளோ, அவனே ஸ்கூட்டர் கொட்டகையில் மழைக்கு ஒதுங்கி நின்றான். அன்றைய கூடைப்பந்து ஆட்டத்தின் நடுவர்; கழுத்தில் இன்னும் அந்த விசில்!

ஒழுகாத இடம் இரண்டு பேருக்குத்தான் இருந்தது. நனைந்தே போய்விடலாமா... எதற்கு? தப்புச் செய்தவன் நனையட்டுமே!

"தள்ளி நில்லுங்க. கை பட்டுச்சுன்னா அதுக்கும் ஃபவுல் ஊதிடப் போறீங்க."

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "கோச் மேடம்..."

"மேடமும் வேணாம், ஒண்ணும் வேணாம்! என் டீம் பொண்ணு ரெண்டு காலையும் ஊனி அசையாம நின்னா. அந்த நெட்டைப் பொண்ணுதான் ஓடி வந்து இடிச்சா. இடிச்சவளுக்கு ஃப்ரீ த்ரோ, இடிபட்டவளுக்கு அஞ்சாவது ஃபவுல் குடுத்து ஆட்டத்தை விட்டே வெளியேத்துறதா? என்ன நியாயம் இது?"

"பார்த்ததைத்தான் ஊதினேன்."

"நீங்க பார்க்கவே இல்லை!"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். மழை தெறித்த இமைகளுக்குள் பெரிய பெரிய கண்கள்... சீ, இப்போது கண்ணா முக்கியம்?

ஆட்டம் தோற்றதைக் கூட அவள் பொறுத்துக்கொள்வாள். ஆனால் பொடிசு? அணியிலேயே சின்னவள். துண்டின் இரு முனைகளையும் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, கையே நீட்டாமல் கால்களால் மட்டும் தடுக்க மூன்று மாதம் பழகியவள். ஐந்து ஃபவுலைக் காட்டி, 'முரட்டு ஆட்டம்' என்று மாவட்ட அணித் தேர்வுக் குழு அவள் பெயரை அடித்துவிட்டது. முரடாம்! அந்தக் குழந்தை அதே துண்டில் முகத்தை மூடிக்கொண்டு அழுதது.

"தப்புன்னு ஒத்துக்கிட்டா கிரீடம் இறங்கிடுமா?" என்று கேட்டுவிட்டு மழையில் இறங்கினாள்.

"குடையாவது..."

"உங்க குடை எனக்கு வேணாம்!"

எட்டு நாள் ஆகியும் கோபம் ஆறவில்லை. பயிற்சிக் கூடமே அதிர்ந்தது.

"கண்ணைப் பார்க்காதீங்கடி! கண்ணு ஒரு பக்கம் பார்க்கும், ஆளு இன்னொரு பக்கம் போவா. இடுப்பைப் பாருங்க. இடுப்பு பொய் சொல்லாது!"

துண்டும் கையுமாக, முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்த பெண்கள் சட்டென்று நின்றார்கள். வாசலில் அவன். கழுத்தில் விசில் இல்லை.

நேரே பொடிசுவிடம் போனான். "வீடியோ பார்த்தேன்மா. நீ முன்னாடியே வந்து நின்னுட்ட. தப்பு என்னுது. குழுவுக்கு எழுதிக் குடுத்துட்டேன். உன் பேரைத் திரும்பச் சேர்த்துட்டாங்க."

பொடிசு போட்ட கூச்சலில் அவன் நீட்டிய கடிதம் கீழே விழுந்தது. கோச்சே குனிந்து எடுத்தாள்.

"விசில் எங்க?"

"இந்த சீசன் முழுக்க ஊதக் கூடாதுன்னுட்டாங்க."

மனசு இளகத்தான் பார்த்தது... கடைசி வரியைப் படிக்கும் வரை. 'அந்த நேரத்தில் என் கவனம் வேறு பக்கம் இருந்தது.'

"வேற பக்கமா? நாப்பது செகண்ட்தான் பாக்கி. அப்ப எந்தப் பக்கம் பார்த்தீங்க?"

"பெஞ்சுப் பக்கம்." அவன் குரல் இறங்கியது. "அங்க ஒருத்தங்க... பொண்ணுங்க நகர நகர, கோட்டுக்கு வெளியில தானும் முட்டி மடக்கி, கையை விரிச்சு நகர்ந்துக்கிட்டே இருந்தாங்க. கூட்டம் பார்க்குதேன்னு கூட இல்லாம. நான் பார்த்துக்கிட்டே நின்னுட்டேன். சத்தம் கேட்டுத் திரும்பினப்போ ரெண்டு பேரும் விழுந்து கிடந்தாங்க. தோணினதை ஊதிட்டேன். இதை அன்னிக்குக் கொட்டகையில எந்த வாயால சொல்றது?"

அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"என்னை வேடிக்கை பார்த்துட்டு என் பொண்ணை அழ வெச்சீங்களா? என்ன திமிர்! பிடிங்க துண்டை! இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும், இருபது நடை!"

அவன் மறுபேச்சில்லாமல் துண்டை முதுகுக்குப் பின்னால் பிடித்தான். தோல் செருப்பு வழுக்கியது. "முட்டியை மடக்குங்க சார்!" என்று பெண்கள் உற்சாகமாக எண்ணினார்கள். பன்னிரண்டாவது நடையில் தொடை வெடவெடவென்று நடுங்கியது.

"பாவம் மிஸ்," என்றாள் பொடிசு.

"பாவமா? நீ அழுதப்ப யாருடி பாவம் பார்த்தா?"

இருபதும் முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டே பந்தை எடுத்தான். "ஒரே ஒரு தடவை... உங்களைத் தாண்டிப் போயிட்டேன்னா, தினமும் வந்து துண்டு பிடிக்க அனுமதி வேணும்."

"என்னைத் தாண்டிடுவீங்களா? வாங்க, பார்ப்போம்!"

முழங்காலை மடக்கினாள். கையை விரித்தாள். விளையாடிய காலத்தில் அவளைத் தாண்டியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவன் மெதுவாகப் பந்தைத் தட்டிக்கொண்டு வந்தான். நிமிர்ந்தான். அதே கண்கள்... இடப்பக்கம் பார்த்தன. அவளும் அந்தப் பக்கமே நகர்ந்தாள்.

அவன் வலப்பக்கம் போய், தட்டுத் தடுமாறி, பந்தைக் கூடையில் போட்டே விட்டான்.

கூடமே கூவியது. "மிஸ்! இடுப்பைத்தானே பார்க்கச் சொன்னீங்க!"

"தெரியும்டி!" அவள் முகம் காது வரை சிவந்திருந்தது. "நான்... கண்ணைப் பார்த்துட்டேன்."

பந்து எங்கோ உருண்டு போனது. அவன் அதைத் தேடவே இல்லை. இப்போதும் அவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன பார்வை? அன்னிக்குக் கொட்டகையிலயே இந்தக் கண்ணைப் பார்த்துத் தொலைச்சிட்டேன்," என்றாள் அவள், சண்டைக்குப் போகும் குரலில். "எட்டு நாளா அதையேதான் நினைச்சுக்கிட்டிருக்கேன். அதனாலதான் உங்க மேல அவ்வளவு கோபம்!"