மூன்று தட்டு

வாடகைக்கு எடுத்த அந்தப் பழைய வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பகல் பதினொரு மணி. ஆறு மணி நேரக் கார்ப் பயணத்தில் என் பதினைந்து வயது மகள் பேசியது மூன்றே வார்த்தை. "ஏசியக் குறைங்க. பசிக்கல." வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்?

நான்கு மாதமாக இப்படித்தான். தலையணை நனைந்திருக்கும். என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்ல." எதையோ மனதில் போட்டுப் புழுங்குகிறாள், பெற்றவளுக்குத் தெரியாதா? அவள் வாயைத் திறக்க வைக்கத்தான் இந்த விடுமுறையே.

வீட்டில் அவள் போட்ட சட்டம் ஒன்று உண்டு. அவள் அறைக் கதவை மூன்று முறை தட்டவேண்டும். "வா" என்றால்தான் உள்ளே போகலாம். இங்கேயும் பின்பக்க அறைக்குள் புகுந்துகொண்டு, "மூணு தட்டு. ஞாபகம் இருக்குல்ல?" என்றாள்.

"சரிங்க மகாராணி."

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கணவர் பால் வாங்கப் போயிருந்தார். நான் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் அறையிலிருந்து பேச்சுக் குரல். பிறகு அழுகை. பிறகு, அடேயப்பா, சிரிப்பு!

தோழியிடம் பேசுகிறாள் போல என்று நினைத்தேன். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஒட்டுக்கேட்கக் கூடாது என்று குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டேன். அந்த வீட்டில் போனுக்கு சிக்னலே இல்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து வந்து, பின்னாலிருந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"தேங்க்ஸ்மா. சொன்னதும் நெஞ்சே லேசாயிடுச்சு. நீ திட்டுவேன்னு நெனச்சேன்."

"எத... சொன்ன?"

"விளையாடாதம்மா. தட்டின, வான்னு சொன்னேன். பின்னால உக்காந்து தல பின்னிவிட்டுக்கிட்டே எல்லாத்தையும் கேட்டியே."

அவள் கைகளை விலக்கித் திரும்பினேன்.

"என் முகத்தப் பாத்தியா?"

"அழுதுட்டு இருந்தேன், திரும்பவே இல்ல. பாத்திரம் கழுவிட்டு வந்தியா? கை அவ்ளோ ஜில்லுன்னு இருந்துச்சு."

அவளைத் திருப்பிப் பார்த்தேன்.

எனக்குச் சாதாரணப் பின்னலுக்கு மேல் தெரியாது. அவள் முதுகில் ஐந்து கால் பின்னல், இழுத்து இறுக்கிப் பின்னியிருந்தது.

நுனியில் ரப்பர் பேண்ட் இல்லை. நீளமான ஒற்றை நரைமுடியால் முடிச்சு.

அந்த அறைக்கு ஓடினேன். யாரும் இல்லை. ஜன்னல் உள்ளே தாழிட்டிருந்தது. கட்டிலின் ஓரத்தில், ஒருவர் உட்கார்ந்து எழுந்த அளவுக்கு ஈரம். பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த நாற்றம்.

இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டோம். கணவர் முணுமுணுத்துக்கொண்டே வண்டி ஓட்டினார். நான் பின்சீட்டில் அவள் பின்னலை அவிழ்த்தேன். விரல் வலித்தது.

"அந்த விஷயத்த இன்னொரு தடவ சொல்லு கண்ணு."

"ஒரு தடவ சொல்லவே உயிர் போச்சும்மா. போதும்."

கேட்டது நான் இல்லை என்று எப்படிச் சொல்வேன்? இப்போதுதான் அவள் முகத்தில் வெளிச்சம் வந்திருக்கிறது. நான்கு மாதம் நான் தவம் கிடந்த வார்த்தைகளை வேறு எதுவோ வாங்கிக்கொண்டு போய்விட்டது. பயத்தைவிட அந்த வயிற்றெரிச்சல்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

வீடு திரும்பிய மூன்றாம் நாள் சாயங்காலம், இன்றைக்கு எப்படியாவது அவளிடம் கேட்டுவிடுவது என்று அவள் அறை வாசலில் போய் நின்றேன். உள்ளே அவள் ஏதோ தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். சீப்பு முடியில் இறங்கும் சத்தம்.

மூன்று முறை தட்டினேன்.

சீப்பின் சத்தம் நின்றது.

"இரும்மா," என்றது என் மகளின் குரல், உள்ளே இருந்த யாரிடமோ. "யாரோ கதவத் தட்டுறாங்க."