வாசலைத் தாண்டினால் குமட்டல்

வாசற்படி தாண்டி உள்ளே காலை வைத்ததும் வயிறு புரண்டது. வெளியே நின்ற வரைக்கும் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. பகலெல்லாம் வெயிலில் குத்தவைத்து ஊரார் வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டிவிட்டு, வயிறாரச் சாப்பிட்டும் இருந்தான். சொந்த வீட்டுக்குள் நுழைந்தால் மட்டும் வாயில் எச்சில் உப்பாக ஊறி, அடிவயிற்றிலிருந்து ஏதோ மெல்ல ஏறி வந்து தொண்டையில் குந்திக்கொள்ளும். வாந்தியாக வந்து தொலைத்தாலாவது நிம்மதி. அதுவும் வராது. கூடத்துத் தரையை மாற்றிய நாளிலிருந்து இதே பாடுதான்.

"மாப்ளே, மசக்கை என் பொண்ணுக்கா, உங்களுக்கா?" என்று மாமியார் போனில் சிரித்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பிள்ளையைச் சுமக்கும் மனைவிக்கு இதுவரை ஒருநாள்கூடக் குமட்டியதில்லை.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். நெஞ்செரிச்சலா, தலைசுற்றலா, காதில் அடைப்பா, வேறு மாத்திரை எதுவும் சாப்பிடுகிறானா? பரிசோதித்ததில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"பயம் வயித்துலதாங்க வந்து உக்காரும். தலைச்சன் பிள்ளை வேற. கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க, சாப்பிட்ட உடனே படுக்காதீங்க. இஞ்சித் துண்டு வாயில போட்டுக்குங்க. குமட்டுறப்ப மெதுவா மூச்சை இழுத்து, அதைவிட மெதுவா விடுங்க. அப்பவும் விடலன்னா, எடை குறைஞ்சா, திரும்ப வாங்க."

பயம் இருந்தது உண்மைதான். ஆனால் அவன் பயந்தது பிள்ளைக்காக அல்ல. கூடத்தின் நடுவில், பழைய சிமென்ட் தரையில், முறத்தளவு இடம் ஒன்று காயவே இல்லை. கோடையிலும் ஈரம், தொட்டால் வெதுவெதுப்பு. உடைத்துப் பார்க்காமல் மேலே டைல்ஸ் கல் ஒட்டக்கூடாது என்பது கற்றுக்குட்டிக்கும் தெரியும். பிள்ளை பிறப்பதற்குள் முடிக்கும் அவசரத்தில் அவன் அப்படியே ஒட்டி மூடினான். கல்லுக்குக் கல் விடவேண்டிய இடைவெளியையும் விடவில்லை. தன் வீட்டுத் தரை கண்ணாடி போல ஒரே பரப்பாக இருக்கவேண்டும் என்ற ஆசை. ஊருக்கெல்லாம் ஒழுங்காகச் செய்பவன் சொந்த வீட்டில் கோட்டை விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கரண்ட் போனது. மின்விசிறி நின்றதும் வீடு முழுக்க ஒரு நாற்றம் பரவியது. ஈரச் சிமென்ட் நாற்றம் போலத்தான் இருந்தது, அதற்கு அடியில் தூங்கி எழுந்தவர் வாய் நாற்றம். மனைவி கூடத்தின் நடுவில், வெறுந்தரையில், கூந்தலை அவிழ்த்துப் போட்டு ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"எந்திரிச்சுக் கட்டில்ல படு."

"இங்கதாங்க சுகமா இருக்கு. யாரோ ஆட்டி விடுற மாதிரி." கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

அவனுக்குக் குமட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இஞ்சியைக் கடித்துக்கொண்டு, டாக்டர் சொன்னபடி மூச்சை இழுத்தான். மெதுவாக விட்டான். நான்கைந்து முறைக்குள் வயிறு அடங்கியது. நன்றாகவே அடங்கியது. அப்போதுதான் கூடத்தில் இன்னொரு மூச்சு கேட்டது. இவன் இழுக்கும்போது இழுத்தது, விடும்போது விட்டது. மனைவிதானோ என்று பார்த்தான். அவள் மூச்சு சின்னது.

அவன் மூச்சை அடக்கினான்.

அது அடங்கவில்லை.

சுவரோரக் கற்கள் நெரிந்தன. உள்ளங்கையின் கீழே தரை ஏறியது. நின்றது. இறங்கியது. படகில் போகிறவனுக்கு வரும் குமட்டல் இது. கண்ணுக்குத் தெரியாதது வயிற்றுக்குத் தெரிந்திருக்கிறது. ஐயோ, இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது.

"ஏய், எந்திரி!"

எழப் பார்த்தான். தரை சரிந்தது. தவழ்ந்தான்.

அவள் தலைமாட்டில் இரண்டு கற்கள் பிரிந்திருந்தன. காற்று இல்லை. கூந்தலின் நுனி மட்டும் அசைந்தது. ஊர்ந்தது. பிளவுக்குள் இறங்கியது. ஒரு சாண். இன்னொரு சாண்.

எட்டிப் பிடித்து இழுத்தான். அடியிலிருந்து பதிலுக்கு ஓர் இழுப்பு, வெடுக்கென்று. மிச்சக் கூந்தலும் போய், அவள் மல்லாக்கப் புரண்டு, பிடரி கல்லோடு கல்லாக ஒட்டியது. நெற்றித்தோல் பின்னால் இழுபட்டு இமைகள் பாதி திறந்துகொண்டன. அப்போதும் அவள் விழிக்கவில்லை. தூக்கத்தில் சிரித்தாள். அவளுடைய பெரிய வயிறு தரையோடு சேர்ந்து மெதுவாக ஏறியது, அதைவிட மெதுவாக இறங்கியது.